விலை பேசாமல் வாங்கியவன்

பழைய சாமான் விற்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் நல்ல எண்ணம் இருந்ததில்லை. வாங்குகிறவர்களைப் பற்றியும் இருந்ததில்லை. இப்போது இரண்டு பக்கமும் நின்று பார்த்தாகிவிட்டது. யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு வருஷமாக ஒரு காற்று மெஷின் கிடந்தது. சுழியோடிகள் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் சிலிண்டர்களுக்குக் காற்று அடிக்கிற மெஷின். என் கணவர் கற்பிட்டிப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் முங்கியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடது கால் மரத்துப் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி இப்போது நடக்கிறார். ஆனால் இனிக் கடல் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். சிலிண்டர்களை அவருடைய கூட்டாளிகள் வாங்கிக்கொண்டார்கள். மெஷினை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவேன். பின்னேரத்தில் அவர் கதிரையைப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பார். டீவி பார்க்கிற ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மனுஷன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வித்திருவோம். அந்தச் சல்லியில வாசல்ல சின்னக் கடையொண்டு போடலாம். சும்மா குந்தியிருந்தா கால் மட்டுமில்ல, மத்ததும் மரத்துப் போகும்" என்றேன்.

அவர் மெஷினின் பெல்ட்டை ஒரு தடவை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு, "வில்லுங்க. ஆனா ஐபைச் சொல்லி வில்லுங்க" என்றார்.

ஐபு என்றால் குறை. விற்கிற சாமானில் உள்ள குறையை மறைக்கக்கூடாது, வாங்குகிறவனுக்கு வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பது மார்க்கம். எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். செய்கிறவர்கள்தான் குறைவு. பழைய சாமான் விற்கிற இணையத்தளத்தில் விளம்பரம் போட நான் போனைக் கையில் எடுத்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பெல்ட் மாற்றியது, அடித்தட்டில் துரு, ஒரு வால்வு லேசாக ஒழுகுவது, மானி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர் கேட்ட இடத்தில் ஊரார் கூப்பிடுகிறபடி டீச்சர் என்று போட்டு, எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால், விற்கிற விளம்பரம் மாதிரியே இல்லை. மெஷினுக்கு நோய்ச் சீட்டு எழுதின மாதிரி இருந்தது.

"இத வாசிச்சிட்டு யாரு வாங்குவான்?" என்று கேட்டேன்.

"வாங்குறவன் வாங்குவான், டீச்சர்" என்றார். என்மேல் கோபம் வந்தால்தான் என்னை அவர் டீச்சர் என்பார்.

போன் கோல்கள் வந்தன. ஸலாமுக்குப் பதில் சொல்லி முடியும் முன்னமே "லாஸ்ட் எவ்வளவு?" என்பார்கள். பாதி விலைக்குக் கேட்டார்கள். மாம்புரியிலிருந்து ஒருவர் நேரில் வந்து மெஷினைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, குனிந்து துருவைச் சுரண்டிப் பார்த்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, "இவ்வளவு ஐபு இரிக்கிற சாமானுக்குச் சல்லியும் கேக்கிறீங்களே" என்று சொல்லிப் போனார். பள்ளிக்கூடத்தில் வகுப்பில் நிற்கும்போது போன் அடிக்கும். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அந்த ஒரு மாதத்தில் எனக்கு மெஷின் மேலும் வெறுப்பு, மனுஷன் மேலும் வெறுப்பு.

அப்போதுதான் அவன் கோல் எடுத்தான். முழு ஸலாமும் சொன்னான். "டீச்சர், விளம்பரத்த வாசிச்சேன். ஐபச் சொல்லி விக்கிற ஆக்கள் இந்தக் காலத்தில இல்ல. நீங்க போட்டிரிக்கிற விலைக்கே எடுக்கிறேன்" என்றான்.

விலையே பேசவில்லை. பாண் வாங்குகிறவன்கூட நேற்றைய பாணா இன்றைய பாணா என்று அமுக்கிப் பார்க்கிற ஊரில், பழைய மெஷினைப் பார்க்காமலேயே முழு விலைக்குக் கேட்கிறான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கண்ணீர். குறையைச் சொல்லி விற்றதற்கு அல்லாஹ் தந்த பரக்கத் என்று நினைத்தேன். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், சல்லி போட்டதாகப் போனில் வந்த போலி ஸ்லிப்பை நம்பிப் பிரிட்ஜைக் கொடுத்துவிட்டு நின்றவர். அந்தக் கதையை ஆசிரியர் அறையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதனால் அவனிடம், "ஸ்லிப் எல்லாம் வேணாம் தம்பி. சல்லி கணக்கில விழட்டும். பேங்கில பாத்திட்டுத்தான் மெஷின் தருவேன்" என்று கறாராகச் சொன்னேன்.

"அப்படித்தான் செய்யணும், டீச்சர்" என்று போனில் குரல் பதிவு அனுப்பினான்.

சல்லி விழுந்தது. பேங்குக்கே போய்ப் பார்த்தேன். உண்மையான சல்லி, கணக்கில் இருந்தது. போட்டவர் பெயர்தான் வேறு, ஒரு சிங்களப் பெயர். அவனிடம் கேட்டேன். "என்ட கூட்டாளிட கணக்கிலயிருந்து போட்டேன், டீச்சர்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாருடைய சல்லி யாருடைய பெயரில் வந்தாலும் யாரும் கேட்பதில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் ஒழுங்கை எங்களுடையது. பலருக்கு அடையாள அட்டையில் இன்னும் பழைய ஊர் விலாசம். பேங்கில் அந்தக் கடிதம் இந்தக் கடிதம் என்பார்கள். எனக்கு அரசாங்கச் சம்பளம் விழுகிற கணக்கு இருந்தது. போனில் பார்க்கவும் தெரியும். அதனால் கட்டாரில் இருக்கிற பிள்ளை அனுப்புகிறதும், கொழும்புக் கடையில் நிற்கிற தம்பி அனுப்புகிறதும் என் கணக்குக்குத்தான் வரும். அனுப்புகிற பிள்ளையும் தன் பெயரில் அனுப்பாது. அறையில் கூட இருக்கிறவனின் பெயரில் அனுப்பும். நான் எடுத்து வந்து கொடுப்பேன். ஒரு சதம் எடுத்ததில்லை. அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். இப்படிப் பல வருஷம் பழகின எனக்கு, ஒரு புதுப் பெயர் கண்ணில் உறுத்தவே இல்லை.

பாலாவிச் சந்தியிலிருந்து ஒரு லொறி வந்து மெஷினை ஏற்றிப் போனது. டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. வாடகைக்கு வந்தவன். ஹோல் பெரிசாகத் தெரிந்தது. அவர் கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடைக்கு எங்கே தட்டு அடிப்பது என்று கையால் அளந்துகொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்த்து எத்தனை காலம். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

பக்கத்து வீட்டில் இருப்பது ராத்தா. ராத்தா என்றால் அக்கா. சொந்தமில்லை, வயதுக்கு மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் ராத்தா. உப்பளத்தில் வேலை. ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பிள்ளை மாரிக்கு முன் உம்மாவின் கூரையை மாற்ற வேண்டும் என்று மாதக்கணக்காகச் சேர்த்து ஒரு தொகை அனுப்பினாள். வழக்கம் போல என் கணக்குக்குத்தான். சல்லி வந்துவிட்டது என்று நான்தான் ராத்தாவிடம் சொன்னேன். "சம்பளத்தன்று டவுனுக்குப் போவேன், அப்ப எடுத்துட்டு வாறேன்" என்றும் சொன்னேன். என் வார்த்தையை நம்பி ராத்தா ஆள் பிடித்துப் பழைய கிடுகையும் ஓட்டைத் தகரத்தையும் இறக்கிவிட்டார். புதுத் தகரம் வரும்வரை மேலே ஒரு நீலப் பிளாஸ்டிக் படங்கு.

சம்பளத்தன்று ஏடிஎம் மெஷினில் கார்டைப் போட்டேன். சல்லி வரவில்லை. மறுபடி போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பேங்குக்குள் போய்க் கேட்டேன். மெனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் கணக்குக்குக் களவுச் சல்லி வந்திருப்பதாக முறைப்பாடு. கோர்ட் உத்தரவில் கணக்கை நிறுத்தியிருக்கிறார்கள். பொலிஸுக்குப் போகச் சொன்னார். அவர் என்னுடைய பழைய மாணவியின் வாப்பா. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பொலிஸில் ஒரு வாங்குப் பலகையில் சிலாபத்துப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர் இருந்தார். சிங்களவர். ஆனால் எங்களைப் போலவே தமிழ் கதைத்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "நீங்கதானா அந்த டீச்சர்?" என்றார். கேட்ட விதத்தில், கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

நடந்தது அங்கேதான் விளங்கியது. அவர் போட் எஞ்சின் ஒன்று வாங்க விளம்பரம் பார்த்து ஒருவனுக்குக் கோல் எடுத்திருக்கிறார். அவன் என் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து, "இது என்ட சொந்த ராத்தாட கணக்கு. அவங்க பள்ளிக்கூட டீச்சர், பயப்படாமப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறான். இவர் எஞ்சினுக்கென்று போட்ட சல்லியைத்தான் எனக்கு மெஷினுக்கு வந்த சல்லி என்று அவன் காட்டினான். அவருக்கு எஞ்சின் வரவில்லை. எனக்கு மெஷின் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றவன் ஒரு சதமும் செலவழிக்காமல் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போனும் அடைத்துக் கிடந்தது.

என் போனில் அவன் அனுப்பிய குரல் பதிவு ஒன்று மிஞ்சியிருந்தது. போட்டுக் காட்டினேன். "அப்படித்தான் செய்யணும், டீச்சர்" என்றது.

"அவன்தான்" என்றார் மீன்பிடிகாரர். பிறகு தானாகவே, "விலையக் குறைக்கச் சொன்ன உடனே குறைச்சான். அப்பவே எனக்குப் பட்டிரிக்க வேணும். பொண்சாதிட நகைய ஈடு வெச்சுத்தான் போட்டேன்" என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது. எங்கள் இரண்டு பேருடைய ஏமாளித்தனமும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

விசாரித்த சார்ஜன்ட் என் கணக்கு விபரத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சிங்களத்தில் கேட்டார், எனக்கு விளங்கியது. சம்பளத்தைத் தவிர இந்தச் சல்லியெல்லாம் யாருடையது? ஒரு டீச்சருக்கு எதற்கு வெளிநாட்டிலிருந்து இவ்வளவு பேர் அனுப்புகிறார்கள்? இதற்கு வரி கட்டுகிறீர்களா? அமானிதம் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "மற்றவங்கட சல்லி" என்றேன். எல்லாக் கள்வர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் முகத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நாங்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, வழக்காடலாம், மெஷினைக் கொடுத்ததற்கு லொறிக்காரன் சாட்சி என்று பொரிந்து தள்ளினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சல்லி அந்த மனுஷன்ட. மெஷின்தான் எங்கட. எங்கட சாமான் களவு போயிரிக்கு, அவ்வளவுதான்" என்றார்.

"அப்ப கடை?"

"வழக்காடினாக் கணக்குத் திறக்காது. ராத்தாட வீட்டுக்கு மேல படங்குதான் கிடக்கு" என்றார். எங்கள் ஜன்னலிலிருந்தே அது தெரிந்தது. அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

என் கணக்கிலிருந்தே அந்த மனுஷனுக்குச் சல்லி போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. அது முடியுமுன் மழை வந்துவிட்டது. படங்கில் தண்ணீர் கட்டி நிற்கும். ராத்தா தடியால் உள்ளிருந்து குத்தி அதை ஊற்றுவார். அந்தச் சத்தம் எங்கள் அறைக்குக் கேட்கும். பின்னேரத்தில் ஐஸ் தண்ணி வாங்க வருகிறவர், வருவதை நிறுத்திவிட்டார். உப்பளத்துக்குப் போகும்போது எங்கள் வாசல் வழியாகப் போகாமல் பள்ளிவாசல் பக்கமாகச் சுற்றிப் போனார். நானும் போய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன சொல்வது? கடையில் யாரோ, "டீச்சர் ஊருச் சல்லிய அமுக்கிட்டாவாம்" என்று சொன்னதாக இன்னொருவர் வந்து, நல்ல எண்ணத்தோடுதான், எனக்குச் சொல்லிப் போனார்.

பேங்கில் வரி இலக்கம் கேட்டார்கள். அதுவரை நான் எடுத்திருக்கவில்லை. வரி ஒபிஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே கதைத்தார். பழைய மெஷினை விற்றதைப் பற்றி அவர் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "மத்த சல்லி உங்கட வருமானம் இல்லையெண்டா, அது யாருடையதோ அவங்க கடிதம் தரட்டும், டீச்சர்" என்றார். நியாயமான கேள்விதான். கடிதம் கேட்டு ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். வருஷக்கணக்காக என் கையிலிருந்து சல்லி வாங்கியவர்கள், கையெழுத்து என்றதும் தேத்தண்ணி ஊற்றப் போனார்கள். "அவன்ட பேர ஏன் டீச்சர் கவர்மெண்டுக்குக் குடுக்கிற?" என்றார் ஒருவர். "மகன்ட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார் இன்னொருவர். அந்த மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயரைக் கொடுத்து நன்மை வந்த அனுபவம் எங்கள் ஆட்களுக்குக் குறைவு. ஆனாலும் எனக்கு நெஞ்சு கசந்தது. இரண்டு பேர் எழுதித் தந்தார்கள். ராத்தாவிடம் நான் கேட்கவே போகவில்லை. வரி ஒபிஸில் என்னுடைய பைல் இன்னும் மூடவில்லை.

ஒருவழியாகக் கணக்கைத் திறந்தார்கள். அன்றைக்கே ராத்தாவின் சல்லியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நிலம் ஈரம். பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். சல்லியை நீட்டினேன். வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். "தகரம் நாளைக்கு வரும்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் அழாமல் வெளியே வந்ததே பெரிய காரியம்.

அந்தக் கிழமையே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். இனி யாருடைய சல்லியும் என் கணக்குக்கு வரவேண்டாம். என் போனில் யாருடைய சல்லிக் கதையும் வேண்டாம். எனக்கு ஏலாது. சிலர் முகத்தைத் தூக்கினார்கள். ராத்தா மட்டும் மறுநாள் காலையில் வாசலில் நின்று, "அப்ப எனக்கொரு கணக்குத் திறந்து தாங்க, டீச்சர்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என்னை நம்ப முடியாது என்பதை ஒரு மனுஷி இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து, லீவு போட்டு, இரண்டு பேரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் ராத்தா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பேங்கில் இளம் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். ராத்தா ஒப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்தார். உப்பில் தேய்ந்த விரல். இரண்டு தடவை வைத்தும் கோடு சரியாக விழவில்லை. மூன்றாவது தடவைதான் விழுந்தது.

"போன் நம்பர், உம்மா?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

ராத்தா மனப்பாடமாக ஒரு நம்பரைச் சொன்னார். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய நம்பர்.

"இது உங்கட நம்பரா?"

"இல்ல. இவங்கட."

"அப்படி வேணாம், உம்மா. சல்லி வந்தா மெசேஜ் வாறதும் ரகசிய இலக்கம் வாறதும் இந்த நம்பருக்குத்தான். வெளியாக்கள்ட நம்பரக் குடுக்கக் கூடாது."

"அதுதான் இவங்கட நம்பரச் சொன்னேன்" என்றார் ராத்தா.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் ராத்தாவைப் பார்த்தேன். "இவ்வளவு நாள் எங்கட வாசலுக்கே வரல்லயே, ராத்தா" என்றேன். அந்த இடத்தில் கேட்கிற கேள்வியில்லை, வாயில் வந்துவிட்டது.

"வந்தா, சல்லி கேக்க வந்தேனெண்டு நினைப்பீங்க" என்றார். "உங்களுக்கு இரிக்கிற தலையிடி போதாதா, டீச்சர்."

மறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இனி என் போனில் யாருடைய சல்லிக் கதையும் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தவள் நான். அந்தப் பிள்ளை சொன்னதும் சரி, வரி ஒபிஸில் சொன்னதும் சரி, சார்ஜன்ட் சந்தேகப்பட்டதும் சரி. எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கோ அப்படியொரு களைப்பு.

அந்தப் பிள்ளை நம்பரை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பி வாசித்துவிட்டு, சரிதானா என்று என்னிடம் கேட்டாள். ஓம், சரிதான் என்றேன்.